மூன்று முறை வைத்த வாசக்கால்

ஏரிக்கரைப் புதரில் வெள்ளச்சி என்ற முயல், கணவன் துள்ளானோடும் மூன்று குட்டிகளோடும் ஒரு வாடகை வளையில் குடியிருந்தது. வளைக்குச் சொந்தக்காரர் முள்ளம்பன்றி. மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதைச் சொன்னால் முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்துக்கொள்ளும்.

“வீட்டுக்குள்ளேயே தண்ணி வருது! இந்த வசதி இந்தக் காட்டுல வேற யாருக்கு இருக்கு, சொல்லு!”

போன வருஷம் ஐப்பசி மழையில் நான்கு குட்டிகளில் மூன்றைத்தான் வெள்ளச்சியால் கவ்விக்கொண்டு வெளியே வர முடிந்தது. நாலாவதற்காகத் திரும்பிப் போனபோது வளை முழுக்கத் தண்ணீர். அன்றிலிருந்து கருமேகத்தைக் கண்டாலே அது குட்டிகளை எண்ணத் தொடங்கிவிடும். அடுத்த ஐப்பசிக்குள் மேட்டில் ஒரு சொந்த வளை வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அது கேட்கவில்லை.

அந்தக் காட்டில் ‘எல்லோருக்கும் வளை’ என்றொரு சங்கம் இருந்தது. தலைவர் மயில். செயலாளர் ஓணான். தலைவர் எதைச் சொன்னாலும் ஓணான் தலையாட்டுவார். செயலாளருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

சங்கத்தின் விதி என்னவோ நல்ல விதிதான். வளை வேண்டுகிறவர்கள் முதலில் வேறு மூன்று குடும்பங்களுக்கு வளை தோண்ட உதவ வேண்டும். அதன்பிறகு தொண்டர்கள் எல்லோரும் கூடி அவர்களுக்குத் தோண்டித் தருவார்கள்.

வெள்ளச்சியும் துள்ளானும் பெருச்சாளி வீட்டுக்கு மண் அள்ளினார்கள். எறும்பு தின்னும் அழுங்கு வீட்டுக்கு அள்ளினார்கள். வயல் எலியின் வீட்டுக்கும் அள்ளினார்கள். நகமெல்லாம் தேய்ந்துபோனது. மூன்று இடத்திலும் ஓர் ஆமை தவறாமல் வந்து, தோண்டிய மண்ணை முதுகில் சுமந்து கொட்டியது.

“உங்க வீடுதான் முதுகுலயே இருக்கே, நீங்க எதுக்கு வர்றீங்க?” என்று துள்ளான் கேட்டது.

“எனக்கு வீட்டுக் கவலை இல்லை. கவலை இருக்கிறவங்களுக்கு ஒரு கை கொடுக்கலாமேன்னுதான்!” என்றது ஆமை.

கடைசியில் வெள்ளச்சியின் முறை வந்தது. சங்கமே மேட்டில் திரண்டது. முதல் வேலையாக வாசக்கால் வைத்தார்கள். இரண்டு தேக்குக் குச்சி, மேலே ஒரு குச்சி, மாவிலைத் தோரணம், மஞ்சள், பூ. மயில் தோகையை விரித்து ஒரு மணி நேரம் பேசியது. தொண்டர்கள் கைதட்டிக் களைத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் கரடி வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அதுதான் சிறப்பு விருந்தினர். தேன்கூட்டைப் பார்த்த இடத்தில் விழாவை மறந்துவிட்டது.

“நான் இல்லாம வாசக்கால் வைக்கிறதா? என்ன மரியாதை இது!”

“ரொம்பத் தப்பு!” என்றது மயில். ஓணான் தலையாட்டியது. வாசக்காலைப் பிடுங்கி, கரடியை வைத்துக்கொண்டு மறுபடியும் நட்டார்கள். மறுபடியும் ஒரு மணி நேரப் பேச்சு.

மூன்றாம் நாள் குரங்கு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. “தெற்குப் பார்த்த வாசலா? வாஸ்து சரியில்லையே!” குரங்குக்குச் சொந்தமாக ஒரு கிளைகூடக் கிடையாது. ஆனாலும் வாஸ்து தெரியும். வாசக்காலைக் கிழக்கே திருப்பி மூன்றாம் முறையாக வைத்தார்கள். மூன்று விழாவிலுமாகச் சேர்த்துத் தோண்டிய பள்ளம் ஒரு முழ ஆழம் இருக்கும்.

வெள்ளச்சி கையைக் கூப்பிக்கொண்டு கேட்டது. “ஐயா, மேகம் கூடுது. வளையை எப்போ தோண்டுவீங்க?”

மயிலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “வாசக்காலே வெச்சாச்சு! இனிமே என்ன மிச்சம்? வெறும் வீடுதானே! இன்னிக்கு எட்டாம் நாள் திறப்பு விழா. புதுத் தோரணம், மண்ணு கிண்ணு படாம பார்த்துக்கோ!”

வெள்ளச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதது. ‘இந்த வருஷமும் ஒரு குட்டியைக் கொடுக்க வேண்டியதுதானா?’ என்று நினைத்தது.

மறுநாள் விடிந்ததும் பெருச்சாளி குடும்பத்தோடு வந்து நின்றது. பின்னாலேயே அழுங்கும் வயல் எலியும் வந்தன. ஆமை முந்தின நாளே கிளம்பி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

“எங்க தோண்டலாம்?” என்றது அழுங்கு.

“முன்னாடி தோரணத்துல மண்ணு படக் கூடாதாம்,” என்றது துள்ளான்.

“அப்போ பின்பக்கமாத் தோண்டுவோம். அங்க பேச்சுச் சத்தமும் இருக்காது!” என்றது பெருச்சாளி.

ஏழு நாள் தோண்டினார்கள். விழா இல்லை, பேச்சு இல்லை, ஆகவே வேலை நடந்தது.

எட்டாம் நாள் மயில், கரடி, குரங்கு, ஓணான் எல்லோரும் அலங்காரத்தோடு வந்தார்கள். மயில் வாசலில் குறுக்கே கட்டிய பூங்கொடியை அலகால் வெட்டியது. வானத்தில் மேகத்தைப் பார்த்ததும் ஆனந்தமாக ஆடத் தொடங்கியது. ஆட்டம் முடிவதற்குள் மழை கொட்டியது.

“உள்ளே ஓடுங்க!” என்று கத்தியது குரங்கு. நால்வரும் அந்த அழகான வாசக்காலுக்குள் பாய்ந்தார்கள். அடுத்த நொடி நான்கு மூக்கும் மண்சுவரில் மோதின.

“வீடு எங்கே?” என்று அலறியது மயில்.

மேட்டின் பின்பக்கமிருந்து வெள்ளச்சி தலையை நீட்டியது. “நீங்க கட்டினது அவ்வளவுதாங்க! வீடு இந்தப் பக்கம் இருக்கு. சுத்தி வாங்க, கொஞ்சம் மண்ணு ஒட்டும்.”

“தோகையில மண்ணு படுமே!” என்றது மயில். ஓணான் நனைந்துகொண்டே தலையாட்டியது.

“சரி, உங்க இஷ்டம்,” என்று வெள்ளச்சி உள்ளே போனது. அங்கே தரை காய்ந்திருந்தது. ஆமை வாசலோரம் கால்களை இழுத்துக்கொண்டு தூங்கியது. வெள்ளச்சி குட்டிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் எண்ணியது. மூன்றும் இருந்தன.

வாசலில் தோரணம் கட்டுகிறவர்களை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு வாசல்தான் கிடைக்கும். ஒருவருக்கொருவர் மண் சுமப்பவர்களுக்கே வீடு கிடைக்கும்.