அம்மிக்குழவி கட்டிய புடலங்காய்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். ஒரே ஒரு வாய்க்கால் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த காலத்தில், புடலங்காய்க் கூட்டு இல்லாமல் சோற்றில் கை வைக்காத அரசன் ஒருவன் இருந்தான்.

அவன் நாட்டில், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், சடையனும் அவன் மனைவி காத்தாயியும் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருந்தார்கள். கத்தரி உண்டு, வெண்டை உண்டு, புடலை உண்டு. தண்ணீர்தான் இல்லை. மற்ற தோட்டங்கள் குடித்த மிச்சம்தான் அவர்களுக்கு வரும். கோடையில் அதுவும் வராது. செடிகள் கண்ணெதிரே காய்ந்து போகும்.

ஒரு நாள் அரசன் முரசு அறைவித்தான். தை முதல் நாளன்று மிக நீளமான புடலங்காயைக் கொண்டு வருபவரின் தோட்டத்துக்கே இனி முதல் தண்ணீர் என்றான்.

சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் பந்தலில் மூன்று பிஞ்சுகள் தொங்கின. பிஞ்சு சுருளாமல் நேராக வளர, நுனியில் சின்னக் கல்லைக் கட்டுவது ஊர் வழக்கம். அவனும் முதல் பிஞ்சில் ஒரு கூழாங்கல்லைக் கட்டினான். பிஞ்சு ஒரு சாண் நீண்டது. நீங்களும் நானும் என்றால் அதோடு விட்டிருப்போம். சடையன் விடுவானா?

“சின்னக் கல்லுக்கே ஒரு சாண்னா, பெரிய கல்லுக்கு எவ்வளவு வளரும் புள்ள?” என்று கேட்டு, கைக்கு அடங்காத கல்லாகப் பார்த்துக் கட்டினான். மறுநாள் காலையில் கல் கீழே கிடந்தது. பிஞ்சும் கீழே கிடந்தது.

இரண்டாவது பிஞ்சில் ஒரு செங்கல்லைக் கட்டினான். அதுவும் விழுந்தது. பழியைக் காம்பின் மேல் போட்டான்.

மூன்றாம் முறை காம்பு அறுந்துவிடக் கூடாது என்று கொடியைப் பந்தல் கம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

அன்று காத்தாயி அடுப்படியில் தேடிக்கொண்டிருந்தாள். “ஏங்க, துவையல் அரைக்கணும். அம்மிக்குழவியைப் பார்த்தீங்களா?”

சடையன் வானத்தைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் தடாலென்று சத்தம் கேட்டது. குழவி, பிஞ்சு, பந்தல் மூன்றும் ஒன்றாகத் தரையில் கிடந்தன.

சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காத்தாயிக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சரிந்த கொடியை விலக்கினாள். ஒரு கொடி வேலியோரத்து முருங்கையில் ஏறியிருந்தது. அங்கே, யார் கண்ணிலும் படாமல், ஒரு புடலங்காய் மரத்தைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு தொங்கியது.

“இந்தக் கோணலைக் கொண்டு போனா ஊரே சிரிக்கும்” என்றான் சடையன்.

“சிரிக்கட்டும். தண்ணி கிடைக்காம அழுறதை விட அது மேல்” என்றாள் காத்தாயி.

தை முதல் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் நேர் நேராகக் காய்கள் கிடந்தன. காத்தாயியின் காயைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அமைச்சர் கோலை வைத்து அளந்தார். ஊர்த்தலைவரின் காய் ஒன்பது சாண். காத்தாயியின் காய் மூன்றே சாண்.

அவள் கை கூப்பினாள். “மகாராசா, சுருண்டு படுத்தா பாம்பு குட்டையாயிடுமா? கோலைக் கீழே வச்சிட்டு நூலால அளக்கச் சொல்லுங்க.”

வளைவோடு வளைவாக நூலை ஓட்டினார்கள். பதினொரு சாண் இருந்தது. அரசன் வாய்விட்டுச் சிரித்து, முதல் தண்ணீர் அவளுக்கே என்றான்.

“இதை எப்படி வளர்த்தாய்?” என்று அவன் சடையனைக் கேட்டான்.

சடையன் பொய் சொல்லவில்லை. “நான் வளர்க்கலைங்க. என் கண்ணில் படாததால தப்பிச்சுது” என்றான்.

அந்த வருடக் கோடையில் அவர்கள் தோட்டம் காயவே இல்லை. முதல் தண்ணீர் பாய்ந்த அன்று இருவரும் வரப்பில் நின்று கால் நனைய நனையச் சிரித்தார்கள். சடையன் கூழாங்கல்லை விடப் பெரிதாகப் பிறகு எதையும் கட்டவில்லை. ஆனாலும் புதுப் பிஞ்சு வரும்போதெல்லாம் காத்தாயி அம்மிக்குழவியை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்துவிடுவாள்.

ஆகவே பிள்ளைகளே, வளர்கிற எதையும் அளவுக்கு மீறி அவசரப்படுத்தினால் கையில் இருப்பதும் போய்விடும்.