சுவத்துல ஏறுன சிலம்பாயி

ஒரு ஊர்ல ஒரு பூக்காரி இருந்தாளாம். அவ பேரு சிலம்பாயி. ம் கொட்டிக்கிட்டே கேக்கணும், சரியா? உன் 'ம்' நின்னா பெரியம்மா கதையும் நின்னுடும்.

அவ தெரு முனையில நீ...ளமா ஒரு சுவரு. பழைய கிடங்குச் சுவரு. அதுக்குக் கீழதான் தெருக் குப்பையெல்லாம் கெடக்கும். மீன் செதிலு, முட்டை ஓடு, கிழிஞ்ச செருப்பு, எல்லாம். 'குப்பை கொட்டாதீர்'னு எழுதிப் பாத்தாங்க. அந்த எழுத்தே மறையுற அளவுக்குக் கொட்டுனாங்க. நம்ம ஜனங்களச் சொல்லவா வேணும்!

அப்புறம் தேவசேனான்னு ஒரு பொண்ணு வெளியூர்லேர்ந்து வந்தா. சுவத்துல படம் வரையறதுதான் அவ வேலை. தெருவையே கூட்டி வெச்சு, "உங்கள்ல ஒருத்தர இந்தச் சுவத்துல வரையறேன். நம்ம ஆளு மூஞ்சி முன்னாடி யாருக்கும் குப்பை கொட்ட மனசு வராது. யார வரையட்டும்?"னு கேட்டா.

டீக்கடை மாசானம், "நம்ம சிலம்பாயிய வரைங்க"ன்னான். அப்போ எல்லாரும் "ஆமாமா, சிலம்பாயிதான்"னு ஒரே சத்தம். சிலம்பாயிக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. "போங்கய்யா அந்தாண்ட"ன்னா. ஆனா வீட்டுக்கு ஓடிப்போயி, தலைய வாரி, நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு வந்து நின்னா.

சரக் சரக்னு பிரஷ் ஓடுச்சு. மாடி உசரத்துக்கு மூஞ்சி. பூக்காரியாச்சேன்னு சுத்திலும் சாமந்திப் பூ. கீழ கொட்டை எழுத்துல 'சிலம்பாயி'. தெருவே கை தட்டுச்சு.

ஆனா பாரு, நம்ம ஊர்ல சுவத்துல ஒருத்தர் மூஞ்சி பெருசா இருந்து, சுத்திப் பூ இருந்து, கீழ பேரும் இருந்தா என்ன அர்த்தம்?

ம். அதேதான். ஆளு போயிட்டாங்கன்னு அர்த்தம். கிட்ட நின்னவங்களுக்கு அது தோணல. தூரத்துல போனவங்களுக்குத் தோணிடுச்சு.

மறுநாள் காலையில ஒரு வாடிக்கைக்காரர் வந்தாரு. ரோசாப்பூ மாலையச் சுவத்துக்குக் கீழ வெச்சாரு. "நல்ல மனுசி, பாவம்"னு கண்ணத் தொடச்சாரு. சிலம்பாயி பின்னாடியே நின்னு பாத்துட்டா.

அப்புறம் மத்தியானம், டண்டணக்கு டண்டணக்குன்னு சாவு மேளம் வந்துடுச்சு. "எந்த வீடுங்க?"ன்னு அவகிட்டயே கேட்டாங்க.

அப்புறம் சாயங்காலம், யாரோ சொன்ன சேதி கேட்டு அவ தம்பி வெளியூர்லேர்ந்து வந்து ஆட்டோவுல இருந்து குதிச்சான். "அக்கா, போயிட்டியே!"ன்னு ஓன்னு அழுதுக்கிட்டே ஓடியாந்தான். எதிர்ல அக்காவே நிக்கறா! "ஐயோ!"ன்னு தொப்புன்னு விழுந்துட்டான். அவன் மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்புனாங்க.

சிரிக்காதடா. அவளுக்கு உசுரே போயிடுச்சு. வாசல் வரைக்கும் வந்துட்ட சாவு இனிமே உள்ள வராமலா போகும்னு ஒரு பயம். கை நடுங்கி நாரு பிடிக்க முடியல. கட்டுன பூவெல்லாம் பொலபொலன்னு உதுந்துச்சு. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல.

"அழிச்சிடு பாப்பா"ன்னு தேவசேனாகிட்ட அழுதா. அந்தப் பொண்ணு வெள்ளையடிக்கற வாளியத் தூக்கிட்டு வந்தா. அப்போ சிலம்பாயி அலறிட்டா. "வேணாம்! என் மூஞ்சிய நானே அழிக்கச் சொல்றதா? அது இன்னும் கெட்ட சகுனம்!"

வெச்சிருக்கவும் முடியல, அழிக்கவும் முடியல. என்னதான் செய்வா, சொல்லு?

தேவசேனா யோசிச்சா. "அக்கா, ஒத்த மூஞ்சி இருந்தாத்தான் சாவுப் படம். பக்கத்துல இன்னும் நாலு பேர் சிரிச்சுக்கிட்டு நின்னா அப்படித் தோணுமா?"ன்னா.

சரின்னு மாசானத்தக் கேட்டாங்க. "பால் பொங்குது"ன்னு உள்ள போனான். தையக்காரரக் கேட்டாங்க. "எனக்குக் கொழந்த குட்டி இருக்கும்மா"ன்னாரு. தெருத் தலைவரக் கேட்டாங்க. அவரு வீட்டுக் கதவு படார்னு மூடிக்கிச்சு. அன்னிக்குத் தட்டுன கையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல! சிலம்பாயி தன் படத்துக்குக் கீழயே குந்திட்டா. அவ்வளவு பெரிய தெருவுல தனியா.

தூங்கிட்டியா? ... ம். சரி.

அப்போ சரட்டு சரட்டுன்னு ஒரு செருப்புச் சத்தம். யாருன்னு பாத்தா செண்பகவல்லி! குழாயடியில சிலம்பாயிகூடத் தெனமும் சண்டை போடுறவ. குடத்த நகத்துனதுலேர்ந்து ஆரம்பிச்சு கொள்ளுத் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டிக்குவாங்க.

அவ நேரா வந்து சுவத்த ஒட்டி நின்னா. "என்னை வரைம்மா"ன்னா.

சிலம்பாயி வாயப் பொளந்தா. "ஏண்டி, உனக்குப் பயமா இல்லையா?"

"போனா ரெண்டு பேருமாப் போவோம். அங்க மட்டும் நீ குடத்த முன்னாடி வெச்சுருவியா? விட்டுருவனா நான்?"

வாய் அப்படிப் பேசுது. ஆனா சிலம்பாயி அவ கையப் பிடிச்சா, அந்தக் கை இவ கையவிட மோசமா வெடவெடன்னு நடுங்குது. பயமில்லாம வரலடா அவ. அவ்வளவு பயத்தையும் வெச்சுக்கிட்டு வந்தா. சிலம்பாயிக்கு அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு. பிடிச்ச கைய விடவே இல்ல.

தேவசேனா ரெண்டு பேரையும் அப்படியே, கையக் கோத்த மாதிரியே வரைஞ்சா. அதப் பாத்ததும் மாசானம் தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான். அப்புறம் தையக்காரர், கொழந்த குட்டியோட. கடைசியில தலைவரு, "ஏன், என்னைக் கேக்கவே இல்லையே?"ன்னு! சுவரு முழுக்க மூஞ்சி. தெருவுல ஒரு ஆளு பாக்கியில்ல. தன் மூஞ்சிலயே எவன் குப்பை கொட்டுவான்? குப்பையெல்லாம் சரியாக் குப்பை வண்டியில போச்சு.

படம் முடிஞ்ச மறுநாள் விடிஞ்சுது. சிலம்பாயிய எங்கயுமே காணோம். பூக்கூடை வாசல்லயே கெடக்கு. தெருவுக்கே பகீர்னுச்சு. செண்பகவல்லி கதவத் தள்ளிக்கிட்டு ஓடுனா. "ஏய் சிலம்பாயி! ஏய்!"

உள்ளேர்ந்து, கொர்ர்ர்... கொர்ர்ர்...

செண்பகவல்லி வாயில முந்தானைய வெச்சு அழுதா, சிரிச்சா. வெளிய வந்து, "உஷ்! யாரும் சத்தம் போடாதீங்க. அவ தூங்குறா"ன்னா.

அவ்வளவுதான். கதை சுவத்துல ஒட்டிக்கிச்சு, நீ தலகாணியில ஒட்டிக்கோ.