கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை

தாய்தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்ப்பவருக்கு நிலவரி கிடையாது என்று அரண்மனையிலிருந்து தண்டோரா வந்ததும், பெரும்பண்ணை வீரபாகுவுக்கு இறந்துபோன அக்காளின் மகள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. "தாய்மாமன் நான்தான் வளர்க்கிறேன்" என்று வரி அதிகாரியிடம் அடித்துச் சொன்னார்.

பிள்ளையின் அத்தை பூவாயி பிள்ளையோடு வரிச்சாவடிக்கு ஓடிவந்தாள். நெல் குத்தி வளர்த்தவள் அவள். வரி கேட்டால் இருக்கிற அரைக்காணி நிலமும் போய்விடும்.

"எசமான், அவரையே பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுங்க. திரும்பிப் பார்த்தா அவர் பேருக்கே எழுதிக்குங்க."

சாவடியின் பலகைத் தரையில் முதுகு காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள் பிள்ளை. வீரபாகு கூப்பிட்டார், கத்தினார். அவள் அசையவில்லை.

"இவ சொல்லிக்கொடுத்து வச்சிருக்கா!"

"பிறந்ததிலேருந்தே அவளுக்குக் காது கேக்காதுங்க."

"என்னது, செவிடா?" என்று வாய்விட்டுக் கேட்டே விட்டார் மாமன்.

அதிகாரி எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டார். பூவாயி காலால் பலகைத் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளை சட்டென்று திரும்பி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.