அடிச்ச குச்சி யாருக்குச் சொந்தம்

ஒரு ஊர்ல ஒரு கழுதை. பேரு வெள்ளச்சி. கடலோரத்து ஊரு அது, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் உப்புப் பாத்திதான். பாத்தியில வாருன உப்ப மூட்டை கட்டி, மேட்டுல உப்பக் குவிச்சு வைக்குற கிட்டங்கிக்குச் சுமக்கணும். அதுதான் வெள்ளச்சிக்கு வேலை. நீ "ம்" கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன். ம், அப்படி.

வெள்ளச்சிய வளத்தது மாடத்தியும் அவ புருஷன் ஈனமுத்துவும். ஈனமுத்து கெட்டவன் இல்ல, அத மனசுல வச்சுக்கோ. ஊர்ல ஒருத்தர ஏறிட்டுப் பாத்துப் பேச மாட்டான். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, புளியங்குச்சிய எடுத்து வெள்ளச்சிய சளீர் சளீர்னு அடிப்பான். அது என்ன தப்பு பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணல. அடிபட்ட புண்ணு மேல மறுநாள் உப்பு மூட்டைய ஏத்துனா எப்படி எரியும்?

அப்போ வெள்ளச்சி சினையா இருந்துச்சு. ஒருநாள் அவன் அதோட கால்ல அடிச்ச அடியில குச்சியே படக்குன்னு முறிஞ்சுது. வெள்ளச்சி மண்டி போட்டு உக்காந்துடுச்சு. மாடத்தி ஓடி வந்து வயித்தத் தடவிப் பாத்தா. உள்ள குட்டி லேசா அசைஞ்சுது. இன்னும் ஒரு தடவ இப்படி அடி விழுந்தா குட்டி தங்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் அழுதாளா? அழல. முறிஞ்ச குச்சிய எடுத்துக்கிட்டுப் புருஷன் முன்னால போய் நின்னா.

"இந்த அடி யாருது?"

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பாத்தியில வேலை வாங்குற கங்காணி எல்லாரு முன்னாலயும் என்னைய ஏசிட்டாரு, அவர நான் என்ன செய்ய முடியும், அந்தக் கோவந்தான்னு முணுமுணுத்தான்.

"அப்ப இது உங்களுது இல்ல. அவருகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

மறுநாள் விடிஞ்சதும் விறுவிறுன்னு கிளம்பிட்டா. கங்காணி வரப்புல குடை பிடிச்சு நின்னாரு. மாடத்தி குச்சிய நீட்டி, அண்ணாச்சி இது உங்களுதாம், வாங்கிக்கிடுங்கன்னா. நடந்ததச் சொன்னா. அவரு போ போன்னு விரட்டுனாரு. அவ நகரல. வெயில் உச்சிக்கு ஏறுச்சு, அப்பவும் நகரல. கடைசியில அவரே எறங்கி வந்து, மொதலாளி தெனமும் என்னையக் கேவலமாப் பேசுறாரு, அத நான் எங்க கொண்டு போய்க் கொட்டன்னாரு. சரி, அப்ப இது உங்களுதும் இல்லன்னு நடையக் கட்டிட்டா.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்புறம் மொதலாளி வீடு. காவக்காரன் உள்ள விடல. மாடத்தி குச்சிய மடியில வச்சுக்கிட்டு கேட்டுக்கு முன்னால உக்காந்துட்டா. மொதலாளி கார் வெளிய வந்துதான ஆகணும்? வந்துச்சு. பாம் பாம்னு ஹாரன் அடிச்சாங்க. அவ எந்திரிக்கல. மொதலாளியே எறங்கி வந்தாரு.

அவரையும் கேட்டா. உப்பு நேரத்துக்குக் கிட்டங்கிக்கு வாரதில்ல, லாரி காத்துக் கெடக்கு, கங்காணிய ஏசாம என்ன செய்யன்னாரு.

"உப்பு ஏன் வரல மொதலாளி? சொமக்குற கழுதைக்குக் காலு வீங்கியிருக்கு. இந்தக் குச்சியால தெனமும் அடி வாங்குன காலு."

பாத்தியா, அடி ராட்டினம் மாதிரி சுத்துறத? மேல இருக்குறவன் கீழ தள்ளுறான், அவன் அதுக்கும் கீழ தள்ளுறான். வாயில்லாத ஜீவன் யாருகிட்டத் தள்ளும்? குட்டி ஈனுற வரைக்கும் வெள்ளச்சி மேல மூட்டை ஏறக் கூடாது, உப்புக்கு வண்டி வைங்கன்னா மாடத்தி. மொதலாளி முனகிக்கிட்டேதான் சரின்னாரு.

ஆனா ஏச்சு நின்னுடுமா? கொஞ்ச நாள்ல ஈனமுத்து பழையபடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். அவனப் பாத்ததும் வெள்ளச்சி காத மடக்கிக்கிட்டுச் சுவரோட ஒண்டிக்கிச்சு. அவன் கை குச்சியத் தேடுச்சு. மாடத்தி குறுக்க வந்து நின்னா.

அவன் வெள்ளச்சி ஒண்டுனதப் பாத்தான். அவ்வளவுதான், பொத்துன்னு அது பக்கத்துல உக்காந்துட்டான். "இன்னைக்கும் என்னைய ஏசிட்டாங்க வெள்ளச்சி"ன்னான். எல்லாத்தையும் சொன்னான், தேம்பித் தேம்பி அழுதான். சொல்லச் சொல்ல அவன் கை அது முதுகத் தடவிக் குடுத்துச்சு. மறுநாள் கங்காணி முன்னால போய் நிமிந்து நின்னான். வேலையச் சொல்லுங்க அண்ணாச்சி, செய்யுறேன், ஏசாதீங்கன்னான்.

அப்புறம் ஒரு காலையில வெள்ளச்சி குட்டி ஈனுச்சு. ஈனமுத்துதான் கையில ஏந்துனான். மாடத்தி அந்தக் குச்சிய அடுப்புல வச்சு வெந்நி போட்டா.

மத்தியானம் நீ பூனைய எத்துனத நானும் பாத்தேன். காலையில எந்திரிச்சதும் உன்னைய யாரு என்ன சொன்னாங்கன்னு எங்கிட்டச் சொல்லணும். நாம ரெண்டு பேரும் சேந்து போய்க் கேட்டுட்டு வருவோம். குச்சி சாம்பலாச்சு, குட்டி எந்திரிச்சு நின்னாச்சு, கதையும் ஆச்சு. கண்ண மூடு.