எட்டாவது சுற்றின் கேள்வி

“மாஸ்டர், அண்டைக்கு ஏன் துவாயை எறிஞ்சனீங்கள்?”

பத்து வருடமாக யோகி கேட்கும் கேள்வி இது. போனில் கேட்டான், கலியாண வீடுகளில் கேட்டான், வெட்கமில்லாமல் ஒரு செத்தவீட்டிலும் கேட்டான். அருளம்பலம் மாஸ்டர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இன்று அவர் வீட்டுக்கே வந்து கேட்கிறான்.

யோகேஸ்வரன் என்ற பெயர் ஆங்கிலேயரின் வாயில் நுழையாததால் யோகி ஆனவன் அவன். மற்றபடி யோகத்துக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. லண்டனில் பிறந்து, தொழில்முறைக் குத்துச்சண்டையில் இருபத்தொன்பது முறை மேடையேறி, இருபத்தாறு முறை வென்றான். அவனைப் பழக்கியவர் மாஸ்டர்.

கடைசிச் சண்டை பிரிட்டிஷ் பட்டத்துக்கானது. ஒன்பதாவது சுற்று தொடங்கி ஒரு குத்துக்கூட விழவில்லை, அதற்குள் மாஸ்டர் வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துவாயை மேடைக்குள் எறிந்துவிட்டார். பழக்கியவர் துவாயை எறிந்தால் தோல்விதான். அத்தோடு யோகி ஓய்வு பெற்றான்.

“புள்ளியில நான்தான் முன்னுக்கு நிண்டனான். இன்னும் நாலே நாலு சுற்று. பெல்ட் இண்டைக்கு எங்கட வீட்டுச் சுவரில தொங்கியிருக்கும்.”

மாஸ்டர் தேத்தண்ணியை ஆற்றினார்.

“நவம்பரில ஒரு சண்டைக்குக் கேக்கிறாங்கள். நாளைக்குக் கையெழுத்து வைக்கப்போறன். நீங்கள் என்ர மூலையில நிக்கவேணும். துவாய் மட்டும் கொண்டுவரக் கூடாது.”

“சுற்று முடிஞ்சு நீ வந்து குந்தினா நான் என்ன செய்வன்?”

“தண்ணி தருவீங்கள். ஒரு கேள்வி கேப்பீங்கள்.”

“ஏன்?”

“மண்டை கலங்கிப் போச்சோ எண்டு பாக்க.”

“எட்டாவது முடிய என்ன கேட்டனான்?”

யோகி யோசித்தான். ஆறாவதில் வீட்டு இலக்கம். ஏழாவதில் அம்மாவின் ஊர். எட்டாவது மட்டும் வரவில்லை.

“உன்ர மகளின்ர பேரைக் கேட்டனான்.”

“ஆரபி எண்டிருப்பன்.”

“‘எனக்குப் பிள்ளையள் இல்லை’ எண்டு சொன்னனீ.”

யோகி சிரிக்கப் பார்த்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“நான் நடுவரைக் கூப்பிட முந்தி மணி அடிச்சிட்டுது. நீ எழும்பி ஓடிட்டாய். எறியிறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியேல்லை.”

“அண்டைக்கு ஆரபியும் வந்திருந்தவள்.”

“ஓம். எங்களுக்கு நேர பின்னால, முதல் வரிசை.”

இருபத்தொன்பது சண்டையிலும் யோகி இப்படிப் பயந்ததில்லை.

“அவளுக்குக் கேட்டதோ, மாஸ்டர்?”

“கேட்டது.”

“பிறகேன் ரெண்டு பேரும் இவ்வளவு நாளாச் சொல்லேல்லை?”

“அவள்தான் வேண்டாமெண்டவள். அப்ப ஏழு வயசுப் பிள்ளை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டது, ‘அப்பாட்டச் சொல்லாதேங்கோ மாஸ்டர், அவர் அழுவார்’ எண்டு.”