வாசலோரப் படுக்கை

ஒரு காட்டில், செம்மண் குன்றின் சரிவில், முள்ளம்பன்றி ஒன்று பெரிய வளை தோண்டி வைத்திருந்தது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கழுதைப்புலி திரியும். அதற்குப் பயந்து முயல்களும் எலிகளும் அந்த வளையில் வந்து தங்கும். தங்க இடம் தந்ததற்காக முள்ளம்பன்றிக்குக் கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும்.

கிழங்கு சேரச் சேர முள்ளம்பன்றிக்கு ஆசை பெருகியது. இன்னும் அறைகள் இருந்தால் இன்னும் பலர் வருவார்களே! அது மேலும் மேலும் உள்ளே தோண்டியது. குறுக்கே வந்த மரவேர்களை எல்லாம் கடித்து எறிந்தது.

கடைசி அறையில் ஒரு மூஞ்சூறு இருந்தது. மழை வலுத்ததிலிருந்து அதன் முதுகில் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அது சுவரில் காதை வைத்துக் கேட்டது. உள்ளே எங்கோ மண் மெல்ல நகரும் சத்தம் கேட்டது. 

அது ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னது. வேர்கள் போய்விட்டதால் கூரை நிற்காது, வெளியேறிவிடலாம் என்று கெஞ்சியது.

முள்ளம்பன்றி கோபப்படவில்லை. "பாவம், அதன் வளை வெள்ளத்தில் போய்விட்டது. என் வளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது" என்றது.

எல்லோரும் தலையாட்டினார்கள். மூஞ்சூறுகூடத் தன் மனதைத் தானே கேட்டுப் பார்த்தது. பொறாமை கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மண் உதிர்வது நிற்கவில்லையே!

அது வாசலுக்கு வந்தது. முள்ளம்பன்றியும் மற்றவர்களும் அங்கேதான் இருந்தார்கள். மழை மேகத்தால் பகலிலேயே இருட்டியிருந்தது. தொலைவில் கழுதைப்புலியின் குரல் கேட்டது.

"ஐயா, எனக்குப் பொறாமைதான்" என்றது மூஞ்சூறு. "உங்கள் படுக்கையைப் பார்த்துத்தான் பொறாமை. நடு அறையில் கதகதப்பாகப் படுத்திருந்தீர்கள். மழை வலுத்ததும் வாசலோரம் வந்துவிட்டீர்கள். அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள். இந்த மழை விடும்வரை நீங்கள் என் அறையில் படுங்கள்."

முள்ளம்பன்றி வாசல் விளிம்புக்கு இன்னும் நகர்ந்தது. 

"அங்கே ஈரமாக இருக்கும்" என்றது. அப்போது அது சாரலில் முழுக்க நனைந்து நின்றது.

தாய் முயல் அதையே பார்த்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மழையில் இறங்கியது. மற்ற முயல்களும் எலிகளும் பின்னால் போயின. மூஞ்சூறு எதிரே இருந்த பாறைக்கு வழிகாட்டியது.

கிழ எலி ஒன்று மட்டும் வரவில்லை. கழுதைப்புலியைத் தான் கண்ணால் பார்த்திருப்பதாகவும், குன்று விழுந்து இதுவரை பார்த்ததில்லை என்றும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

முள்ளம்பன்றி கூப்பிட்டிருந்தால் அது வந்திருக்கும். ஆனால் கூப்பிட்டால், கூரை விழும் என்று தனக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். முள்ளம்பன்றி கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் பாறை அதிர்ந்தது. சரிவு முழுவதும் சேறாக இறங்கியது. முள்ளம்பன்றி ஒரே தாவலில் வெளியே வந்து விழுந்தது. வளை இருந்த இடம் தெரியவில்லை.

தாய் முயல் கிழ எலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. முள்ளம்பன்றியின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

நீதி: குறை சொல்பவருக்குப் பொறாமையா என்று ஆராயும் முன், அவர் சொன்ன குறை உண்மையா என்று பார்க்க வேண்டும்.