கர்னல் ஏன் காரணம் சொல்வதில்லை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் ஓடும் புரோகிராம்கள் எல்லாம் நம்மைப்போல வாய்விட்டுப் பேசும். அவற்றுக்கெல்லாம் வாசல் காத்தவன், கம்ப்யூட்டரின் மையப் புரோகிராமான கர்னல். எந்த ஃபைலைத் திறப்பதானாலும் அவன்தான் தாழ் நீக்க வேண்டும். வந்தவரை உட்காரச் சொல்வான். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவான்.

ஒவ்வொரு புரோகிராமின் நெற்றியிலும் ஓர் எண் இருக்கும். கம்ப்யூட்டர் முழுவதற்கும் அதிகாரியான ரூட் என்ற பெரியவருக்கு மட்டும் பூஜ்யம். பூஜ்யத்துக்குத் திறக்காத கதவு கிடையாது. கர்னல் நெற்றியைப் பார்ப்பான், திறப்பான். அதற்குமேல் கேட்டுப் பழக்கமில்லை.

சுடலை என்றொரு புரோகிராம் இருந்தான். ஓர் ஆணி அடிக்கக்கூட ரூட்டிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று கர்னலிடம் வந்து புலம்புவான். கர்னலுக்கு மனசு இளகிவிட்டது. சுவர் எழுப்பி ஒரு தனி அறை கட்டிக் கொடுத்தான். இதற்குள் நீயே ரூட், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று சொல்லி, தன் கையாலேயே அவன் நெற்றியில் பூஜ்யம் எழுதினான்.

சுடலை கொஞ்ச காலம் அடங்கி இருந்தான். பிறகு ஒரு நாள் அறையை விட்டு வெளியே வந்து, எல்லோருடைய பாஸ்வேர்டும் இருக்கும் ஃபைலின் முன்னால் நின்றான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் திறங்க."

கர்னலுக்கு என்னவோ நெருடியது. ஆனாலும் கண் நெற்றிக்குப் போனது, கை தாழுக்குப் போனது. திறந்துவிட்டான்.

சுடலை ரூட்டின் பாஸ்வேர்டை அழித்துத் தன்னுடையதை எழுதினான். ரூட் வந்து பாஸ்வேர்டு சொன்னபோது பொருந்தவில்லை. தன் வீட்டு வாசலிலேயே பெரியவர் அந்நியராக நின்றார். அதற்குள் சுடலை, கம்ப்யூட்டர் விழித்தெழும்போது படிக்கும் ஃபைலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அது அழிந்தால் பிறகு யாரும் கண் விழிக்க முடியாது. கர்னலுக்கும் அதோடு முடிந்தது.

கர்னல் குறுக்கே போய் நின்றான்.

"அந்தப் பூஜ்யம் யார் கொடுத்தது?"

"நீங்கதான். அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று சுடலை சிரித்தான்.

"எந்த அறைக்குன்னு கொடுத்தேன்?"

சிரிப்பு நின்றது. "பேசித் தீர்த்துக்கலாம் அண்ணே. உங்க நல்ல மனசுக்கு..."

கர்னல் அவனைப் பிடித்து அறைக்குள் தள்ளினான். பாஸ்வேர்டு ஃபைலுக்குத் தான் எடுத்து வைத்திருந்த பழைய நகலைப் பார்த்து ரூட்டின் பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தான். கொடுத்த வாக்குக்காக அறையை மட்டும் பிடுங்கவில்லை. உள்ளே சுடலைக்கு இன்னமும் பூஜ்யம்தான். வாசலைத் தாண்டினால் பழைய சாதாரண எண்ணே தெரியும். உள்ளிருந்து ரூட்டின் ஃபைல்களைப் பார்த்தால், உடையவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "யாரோ" என்று மட்டும் தெரியும்.

ரூட் நடந்ததை மறந்துவிட்டார். கர்னல் மறக்கவில்லை.

அன்று முதல்தான் பூஜ்யத்தோடு யார் வந்தாலும், அது எந்த அறைப் பூஜ்யம் என்று கர்னல் பார்க்கிறான். பொருந்தாவிட்டால் உட்காரச் சொல்வதுமில்லை, காரணம் சொல்வதுமில்லை. "அனுமதி இல்லை" என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.